கச்சான் காத்தும் தம்பிட தவளையும்

யூன் 9
தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போகேக்க தன்ர தவளையை என்னட்ட விட்டிட்டுப் போய்ட்டான். ஆபிரிக்கன் க்ளோட் ஃப்ரொக் (நகத் தவளை), வெள்ளை உடம்பு, சிவப்புக் கண். தண்ணிக்குள்ளயே சீவிக்கிற சாதி, மூச்செடுக்க மட்டும் மேல வரும். அம்மா சொல்றா, "வீட்டுக்க தவளை வந்தா விரட்டுறது, நீ இதுக்குக் கண்ணாடி வீடு வச்சிருக்கிறாய்."
மத்தியானம் தெர்மோமீட்டரை விட்டுப் பாத்தா தண்ணி 31 பாகை. இது தென்னாபிரிக்கப் பக்கத்துச் சாமான், 16இல இருந்து 24 வரைதான் இதுக்குச் சுகம். திருகோணமலை உப்புவெளியில யூன் மாசத்தில 24க்கு எங்க போறது!

யூன் 11
ஐஸ் போத்தில் போடுங்கோ எண்டு பக்கத்து வீட்டு அண்ணா சொன்னார். எனக்கு அதில விருப்பமில்ல, சடாரெண்டு குளிர்ந்து திரும்ப சூடேறினா அது சூட்டை விட மோசம். கண்ணாடி மூடியை எடுத்திட்டு வலையை இறுக்கிக் கட்டி (பாய்ஞ்சு வெளிய விழுந்திடும், விடக்கூடாது) சின்ன ஃபானைத் தண்ணிக்கு மேலால சரிச்சு விட்டன். மேற்கால அடிக்கிற கச்சான் காத்து காய்ஞ்ச காத்தெண்டபடியா தண்ணி கெதியா ஆவியாகுது, ஆவியாகேக்க சூட்டையும் கொண்டு போகுது, ஊரெல்லாம் திட்டுற காத்து எனக்கு உதவி செய்யுது பாருங்கோ. பின்னேரம் 28.

யூன் 12
கரண்ட் கட். திரும்ப 30.

யூன் 16
ஃபான் போட்டா தண்ணி வத்தும், ஊத்தி நிரப்ப வேணும். எங்கட கிணறு உவர். ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கயேதான் கிடக்கும், அதுக்கு மேல உவர்த் தண்ணியை ஊத்தினா நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். அதால பைப் தண்ணிதான். குளோரின் தவளைட தோலுக்கு ஆகாது, வாளியில ஒரு நாள் வச்சா போயிடும், ஆனா குளோரினும் அமோனியாவும் சேந்த குளோரமைன் அப்பிடிப் போகாது, ஆனபடியா அன்ரி குளோரினும் (அதுகளை முறிக்கிற மருந்து) ரெண்டு சொட்டு விடுறன். வாளிக்கு மேல நுளம்பு வலை கட்டாயம், டெங்குக் காலத்தில பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) வந்தா தவளைக் கதையெல்லாம் எடுபடாது.

யூன் 20
டாங்க் அடியில கிடந்த சல்லிக்கல்லு முழுக்க அள்ளியாச்சு. இதுக்கு நாக்கு இல்ல. மண்புழுவைப் போட்டா ரெண்டு முன்கையாலயும் வாய்க்குள்ள திணிக்கும், பின்காலால, அந்த மூண்டு கறுப்பு நகத்தாலயும் கிழிச்சுப் பாக்கும், அந்த அவசரத்தில பக்கத்தில கிடக்கிற கல்லும் சேந்து உள்ள போயிடும், பிறகு குடல் அடைக்கும். இப்ப வெறும் கண்ணாடித் தரை, ஒளிக்கிறதுக்கு உடைஞ்ச மண்சட்டி ஒண்டு.
பில்டரையும் மாத்தினன். உடம்புட ரெண்டு பக்கமும் வெள்ளை நூலால தைச்ச மாதிரிக் கோடு இருக்கு, அதாலதான் தண்ணி அசையுறதை உணருது. பழைய பில்டர் அடிச்ச வேகத்தில ஒரு மூலையிலயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஸ்பொஞ் பில்டர் போட்ட பிறகு டாங்க் முழுக்கச் சுத்துது.

யூன் 24
டாங்கைப் பின் அறைக்கு மாத்தினதில 26க்கு இறங்கிட்டு. சாப்பாடும் ஒண்டுவிட்டு ஒரு நாள்தான், தண்ணி சூடா இருக்கேக்க கழிவில இருந்து வாற அமோனியா இன்னும் கூடின விஷம், மிச்சம் மீதி கிடக்க விடக்கூடாது.
மாமா கேக்கிறார், கிணத்தில விட்டா நுளம்புக் குடம்பியைத் தின்னுமெல்லோ எண்டு. அந்தக் கதையே வேண்டாம் மாமா எண்டன். அமெரிக்காவிலயும் பிரான்சிலயும் வெளிய போய்ப் பெருகித் தொல்லையாப் போன சாதி இது, எங்கட தவளையளுக்கு ஆகாத பங்கஸையும் காவிக்கொண்டு வரும். தம்பி கூட்டிக்கொண்டு போறமட்டும் இது பின் அறையை விட்டு வெளிய போகாது.