கங்கு அணையாத கரியடுப்பு

போன டிசம்பரில் ஊட்டி போயிருந்தோம். ராத்திரி வெளியே கறி சுட்ட அடுப்பில் கங்கு இன்னும் சிவந்து கிடந்ததால், குளிருக்கு இதமாக இருக்குமென்று சித்தப்பா அதை அப்படியே அறைக்குள் தூக்கி வந்து, ஜன்னலையும் சாத்திவிட்டுப் படுத்தார். புகையே இல்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நள்ளிரவில் தலை வெடிக்கிறது என்று எழுந்த சித்தி, இரண்டடி வைப்பதற்குள் கால் துவண்டு விழுந்தார். தங்கைக்கு வாந்தி. எனக்கும் நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தலைவலி வரும்? அப்போதுதான் பொறி தட்டியது. கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுத்து வந்தபிறகுதான் 108-க்கு அடித்தேன். ஸ்வெட்டர் எடுக்கக்கூட யாரையும் உள்ளே விடவில்லை.

கரிக் கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ஆனால் ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சித்தி விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் எல்லாம் சரி என்பதுபோல் 98 காட்டியது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள், ரத்தத்தில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று சாதாரண ஆக்சிமீட்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அறைக்குள் கரி எரிந்தது என்று முதல் வார்த்தையாகச் சொன்னதால் உடனே முகமூடி மாட்டி ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

விடியற்காலையில்தான் சித்தி ஒழுங்காகப் பேசினார். அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் விரல்களில் அப்போதும் கரி ஒட்டியிருந்தது.