கவ்வாத்துக் கத்தி தீட்டத் தெரிந்த பையன்கள்

கப்பல் வேலை பழக ஆள் எடுக்கிறோம் என்று தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போய்ச் சொன்னால், முதல் கேள்வி பையனிடமிருந்து வராது. அவனுடைய அப்பாயியிடமிருந்து வரும். "கப்பல்ல ஏத்தி எங்கயாச்சும் கொண்டு போயிருவீங்களா தம்பி?" இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தார்கள். அப்படிப் போனவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அங்கிருந்து கப்பல். கூடப் பிறந்தவளை அந்தக் கோச்சியில் ஏற்றிவிட்டு வந்த கிழவி வேறு என்ன கேட்பாள்?

"இது ஓடுற கப்பல் இல்ல பாட்டி, பழுதாகி நிக்கிற கப்பல்" என்பதுதான் என் வழக்கமான பதில். நான் இருந்தது கொழும்பில், கப்பல் பழுதுபார்க்கும் இடமொன்றின் பயிற்சிப் பிரிவில். கப்பலை டொக் என்கிற பெரிய தொட்டிக்குழிக்குள் விட்டு, வாசலை அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டால் அது வரிசையாக வைத்த கட்டைகளின் மேல் உட்கார்ந்துவிடும். அப்புறம் அடித்தகடு வெட்டுவது, வெல்டிங், வால்வு கழற்றுவது, பெயின்ட் என்று எல்லாமே தரையில் நின்று செய்யும் வேலைதான். இதைச் சொன்னதும் பாதி வீடு சமாதானமாகிவிடும். மீதிப் பாதிக்குச் சம்பளம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

நானும் பொகவந்தலாவைப் பக்கத்து லயத்துப் பிள்ளை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவன் என்பதால் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஆள் எடுக்கும்போதெல்லாம் என்னைத்தான் அனுப்புவார்கள். அங்கே பையன்களைக் கண்டுபிடிப்பது ஒரு கஷ்டமே இல்லை. அவர்கள் கையில் கடிதம் சேர்ப்பதுதான் பெரும்பாடு. பல லயங்களில் வீட்டுக்கென்று ஒரு முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கே ஏதாவது மேசையில் கிடக்கும், அந்தப் பக்கம் போகிற யாராவது எடுத்து வருவார்கள். அதற்குள் நேர்முகப் பரீட்சை முடிந்திருக்கும். வராதவன் பெயருக்கு நேரே 'விருப்பமில்லை' என்று எங்கள் ஆபீசில் எழுதிவிடுவார்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். பிறகு கடிதம் போடுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பையனையும் போனில் கூப்பிடச் சொல்லி ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்தேன்.

அதைத் தாண்டி வந்தால் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். அதையும் தாண்டினால் பிணை வைக்க இரண்டு பேர் வேண்டும், அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களாக. லயத்தில் யாரைத் தேடுவது? பள்ளிக்கூடத்து வாத்தியார்மார் கையெழுத்துப் போட்டுப் போட்டே எத்தனையோ பையன்களைக் கரையேற்றினார்கள்.

சரி, தெரிவு. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு கேட்பார்கள், கேட்கட்டும். கணக்குப் பாடம் தேவைதான், அளவு பார்க்கத் தெரியாதவன் ஃபிட்டராக முடியாது. ஆனால் கை எப்படி என்று பெறுபேற்றுத் தாளில் இருக்காது. நான் ஒரு வைஸும் அரமும் மைல்ட் ஸ்டீல் துண்டும் கொண்டு போவேன். ஒரு பக்கத்தை மட்டமாக ராவச் சொல்வேன். பார்க்கச் சுலபமாகத் தெரியும். அரத்தைத் தள்ளத் தொடங்கும்போது முன் கையில் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும், போகப் போக அது பின் கைக்கு மாற வேண்டும். இரண்டு கையும் ஒரே மாதிரி அழுத்தினால் அரம் ஆடும், ஓரங்கள் தேயும், நடு வயிறு தள்ளி நிற்கும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

ஒரு தடவை பெறுபேறு சுமாரான ஒரு பையன், யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே கால் அகட்டி நின்று, தோளை அசைக்காமல் ராவினான். எங்கே பழகினாய் என்று கேட்டேன். "அப்பாவோட கவ்வாத்துக் கத்திய நாந்தாங்க சேர் தீட்டுவேன்." கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுவது. அந்த வெட்டு சாய்வாக, சுத்தமாக விழ வேண்டும். கிளை பிளந்தால் அந்த இடத்தில் செடி அழுகத் தொடங்கும். அதனால் கத்தியைக் கல்லில் ஒரே சாய்வில் பிடித்துத் தீட்ட வேண்டும். அந்தக் கைதான் அரத்தையும் பிடித்தது. அதற்குப் பிறகு எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன். என்னோடு வந்த அதிகாரிக்குக் கவ்வாத்து என்றால் என்னவென்றே தெரியாது. அவர் மார்க்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

கொழும்புக்கு வந்த பிறகு முதல் சில வாரம் ராவுவதைத் தவிர வேறு வேலை தரமாட்டோம். வெக்கை, கொசு, உள்ளங்கையில் கொப்புளம். ஆனால் பையன்களை அடுத்த கோச்சியில் வீட்டுக்கு ஏற்றியது பெரும்பாலும் இவை எதுவும் இல்லை, பாஷைதான். வேலை பழக்கும் பாஸ்மார் சிங்களத்தில் மளமளவென்று சொல்வார்கள். பையன் எல்லாவற்றுக்கும் "ஹரி சேர்" என்பான். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் ஏறவில்லை என்று தெரியும். வேர்க்ஷொப்பில் இதைச் சமாளிக்கலாம். கப்பலின் தொட்டிக்குள் இறங்கும்போது முடியாது. பூட்டியே கிடந்த தொட்டியில் இரும்பு துருப்பிடித்துத் துருப்பிடித்தே காற்றிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். வெளியே 20.9 சதவீதம் இருப்பது உள்ளே 19.5க்குக் கீழே இறங்கியிருந்தால் யாரும் கால் வைக்கக் கூடாது. நாற்றம் இராது, புகை இராது, இறங்கியவன் அப்படியே சாய்வான். ஆகவே "விளங்கியதா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். மீட்டரைக் கையில் கொடுத்து, அளந்து காட்டு, எந்த இலக்கத்தில் திரும்பி வருவாய் என்று உன் பாஷையில் சொல் என்பேன். தமிழில் சரியாகச் சொன்னவன் நாலு மாதத்தில் சிங்களத்திலும் சொன்னான்.

பயிற்சி முடிந்து என்விகியூ 4 என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கையில் கிடைத்ததும் கொஞ்சப் பேர் டுபாய், கட்டார் என்று போய்விடுவார்கள். சிலர் ஊருக்குத் திரும்பி கேட், கிறில் அடிக்கும் கடை போடுவார்கள். பழக்கி யாருக்கோ கொடுக்கிறோம் என்று மேலே இருப்பவர்கள் குறைபட்டார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. போகிறவன் போகட்டும், அடுத்தவனை எடுக்கலாம். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நேர்முகப் பரீட்சையை ஹட்டனில், ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். வார நாளில் வைத்தால், பையனைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடுகிறது.