சின்ன ஏர்போர்ட்டிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டலாமா?

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 95 கிலோமீட்டர் போனால் நியூபர்க் என்ற ஊர் வரும். அங்கே இருப்பது ஸ்டூவர்ட் விமான நிலையம். ஒரு காலத்தில் விமானப்படைத் தளம். இன்றும் சி-17 ராணுவச் சரக்கு விமானங்கள் அங்கே நிற்கும். பயணிகள் டெர்மினலை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஓடுபாதை 3,602 மீட்டர். நியூயார்க்கை ஒட்டிய பெரிய நுவார்க் விமான நிலையத்தின் மிக நீளமான ஓடுபாதையே 3,353 மீட்டர்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம், அயர்லாந்தின் தெற்கே, கார்க். இங்கே எல்லாம் நேர்மாறு. கடல்மட்டத்திலிருந்து 153 மீட்டர் உயரத்தில் ஒரு குன்றின் மேல் விமான நிலையம். முதன்மை ஓடுபாதை 2,133 மீட்டர். கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி குன்றின் தலையில் உட்கார்ந்துகொண்டால் கீழே ஊரில் வெயில் அடிக்கும், மேலே விமானம் இறங்க வழியிருக்காது. வந்த விமானம் ஷானனுக்கோ டப்ளினுக்கோ திரும்பும்.

இப்படிப்பட்ட ஊர்களைக் கடல் கடந்து இணைக்க 2017-இல் நார்வேஜியன் விமான நிறுவனம் துணிந்தது. எடின்பரோ, பெல்ஃபாஸ்ட், டப்ளின், ஷானன், கார்க், பெர்கன் ஒரு பக்கம். ஸ்டூவர்ட், ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ், ஹார்ட்ஃபோர்ட் மறுபக்கம். தொடக்கக் கட்டணம் ஒரு வழிக்கு 65 டாலர். 189 இருக்கை கொண்ட, நடுவில் ஒரே நடைவழி உள்ள போயிங் 737. பெரிய விமானம் நிரம்பாத ஊரில் சின்ன விமானம் நிரம்பும், சின்ன விமான நிலையத்தில் கட்டணமும் குறைவு என்பது கணக்கு. 2019 மார்ச்சில், அந்த 737-இன் புதிய ரகமான மேக்ஸ் உலகெங்கும் பறக்கத் தடை செய்யப்பட்டது. அந்த செப்டம்பரில் அயர்லாந்திலிருந்து வட அமெரிக்காவுக்கான நார்வேஜியன் சேவைகள் எல்லாமே நின்றன. மேக்ஸ் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போவது எளிது. அதற்கு முன்பே சில தடங்கள் உதிர ஆரம்பித்திருந்தன.

முதலில் காற்றைப் பார்ப்போம். ரேஞ்ச், அதாவது ஒரே மூச்சில் பறக்கும் தூரம் என்று விளம்பரத்தில் போடும் எண் காற்றே இல்லாத வானத்துக்கானது. கார்க்கிலிருந்து பிராவிடன்ஸ் நேர்தூரம் ஏறக்குறைய 4,770 கிலோமீட்டர். 737 மேக்ஸ் 8-இன் ரேஞ்ச் 6,570 கிலோமீட்டர். தாளில் தாராளமாக மிச்சம். ஆனால் வட அட்லாண்டிக்கின் மேல் வீசும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான உயரக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 840 கிலோமீட்டர் என்றும், ஜனவரியில் வழிநெடுக சராசரி எதிர்காற்று 160 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தரைவேகம் 680. பறக்கும் நேரம் ஏறக்குறைய 7 மணி நேரம். அத்தனை நேரம் 840-இல் காற்றைக் கிழிப்பதற்கு ஆகும் எரிபொருள், காற்றில்லாத வானில் ஏறக்குறைய 5,900 கிலோமீட்டர் போவதற்குச் சமம். இதற்கு மேல் வழிச்செலவில் 5 சதவீதம் உபரி, இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையம் வரை போகத் தேவையானது, அதற்கும் மேல் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றத் தேவையானது. இந்தக் கடைசி 30 நிமிடத்தில் கைவைப்பதாக ஒரு விமானி திட்டமிடவே முடியாது. தாராளம் என்று தோன்றிய மிச்சம் எங்கே போனது என்று இப்போது புரியும்.

இந்தப் பாடம் புதிதில்லை. கான்டினென்டல் நிறுவனம் 2005-இல் நுவார்க்கிலிருந்து பிரிஸ்டலுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் போயிங் 757-ஐ ஓட்டியது. பிரிஸ்டல் ஓடுபாதை வெறும் 2,011 மீட்டர். 757-இன் வலுவான எஞ்சின்களுக்கு அது பெரிய விஷயமாக இல்லை. 2010-இல் பிரிஸ்டல் சேவை நின்றது. பெல்ஃபாஸ்ட் சேவை, நிறுவனம் யுனைடெட்டோடு இணைந்த பிறகும் ஓடி, 2017 ஜனவரியில் நின்றது. இடையில் 2011–12 குளிர்காலத்தில் எதிர்காற்று வழக்கத்தைவிடக் கடுமை. அமெரிக்கா நோக்கி வந்த 757-கள் எண்ணெய் போட கனடாவின் கேண்டரிலும் கூஸ் பேயிலும் அடிக்கடி இறங்க வேண்டியிருந்தது. இறங்கி, போட்டு, ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். நுவார்க்கில் இணைப்பு விமானம் காத்திருக்காது.

இந்தத் தொல்லையையே வசதியாக மாற்றிய ஒரு சேவையும் உண்டு. லண்டன் சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான். அங்கிருந்து 2009 முதல் 2020 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸ் நியூயார்க்குக்கு ஏ318 விமானம் ஓட்டியது. 32 இருக்கை, எல்லாமே பிசினஸ் வகுப்பு. விமான எண் 001, முன்பு கான்கார்டுக்கு இருந்த எண். முழு எரிபொருளோடு அந்த ஓடுபாதையில் எழும்ப முடியாது என்பதால் குறைவாகப் போட்டுக்கொண்டு கிளம்பி ஷானனில் இறங்கும். விமானம் எண்ணெய் குடிக்கும் நேரத்தில் பயணிகள் இறங்கி அங்கேயே அமெரிக்க இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் இரண்டையும் முடித்துவிடுவார்கள். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணி போல நேராக வெளியே நடக்கலாம். திரும்பும்போது பின்காற்று, நிறுத்தமே வேண்டாம். 32 பேருக்காக ஒரு விமானம் என்பது வங்கிக்காரர்கள் காசு கட்டும்வரை ஓடும் கணக்கு.

மேலே எழும்பும் கணக்குக்கு வருவோம். ஓடுபாதை குட்டை, ஈரம், வெப்பம், உயரம் — எது கூடினாலும் புறப்படும்போது அனுமதிக்கும் எடை குறையும். 737 மேக்ஸ் 8-இன் உச்ச எடை 82 டன். 2,133 மீட்டரில் அந்த முழு எடையோடு எழ முடியாது. அப்போது எதைக் குறைப்பது? எரிபொருளைக் குறைக்க முடியாது, எதிர்காற்று விடாது. சரக்கு போகும். பிறகு விற்காமல் வைத்த இருக்கைகள். அதற்கும் பிறகு பயணப்பெட்டிகள். உங்கள் பெட்டி "அடுத்த விமானத்தில் வரும்" என்கிறார்களே, அந்த அடுத்த விமானம் அன்றைய கார்க் மாதிரி வாரத்துக்கு மூன்று சேவை உள்ள ஊரில் நாளை மறுநாள். பிராவிடன்ஸ் இதை உணர்ந்துதான் தன் ஓடுபாதையை 2017 கடைசியில் 8,700 அடிக்கு, அதாவது 2,652 மீட்டருக்கு நீட்டியது.

நீளம் போதும் என்றாலும் தளம் தாங்க வேண்டும். இங்கே பலர் ஏமாறுவார்கள். 757-இன் உச்ச எடை 115 டன்னுக்கு மேல்; ஆனால் முதன்மைச் சக்கரங்கள் எட்டு. அதன் இடத்துக்கு வந்த ஏ321 எல்ஆர் 97 டன். முதன்மைச் சக்கரங்கள் நான்கே. எடையில் 95 சதவீதம் அவற்றின் மேல் என்று வைத்தால் 757-இல் ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 14 டன், ஏ321-இல் 23 டன். விமானம் இலகு, ஆனால் தார்த்தளத்தைக் குத்துவது அதிகம். முக்கியமாக, விமானம் அசையாமல் மணிக்கணக்கில் நிற்கும் ஏப்ரனில்.

தீயணைப்பு இன்னொன்று. சர்வதேச விதி விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் பார்த்து வகை பிரிக்கிறது. 737-800, ஏ321 எல்லாம் 7-ஆம் வகை: இரண்டு வண்டி, 12,100 லிட்டர் தண்ணீர். அதே இடத்துக்கு போயிங் 787-8 வந்தால் 8-ஆம் வகை: மூன்று வண்டி, 18,200 லிட்டர். ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போயாக வேண்டும். ஒரு வண்டி கூடினால் ஆள், ஷிப்ட், பயிற்சி எல்லாம் கூடும். வாரம் மூன்று விமானத்துக்காக இதைத் தாங்குவது சிரமம். ஒற்றை நடைவழி விமானங்கள் சின்ன ஊர்களுக்குப் பொருந்தியதற்கு இருக்கைக் கணக்கோடு இதுவும் காரணம். ஏற்கெனவே விடுமுறைக் கூட்டத்தை ஏற்ற வரும் விமானங்களுக்காக 7-ஆம் வகை அங்கே இருக்கிறது.

ஆக, விமானம் எழும், தளம் தாங்கும், வண்டியும் நிற்கும். எல்லாம் சரியாக நடக்கும் நாளில் சின்ன விமான நிலையம் தாராளமாகப் போதும். மாட்டிக்கொள்வது ஏதாவது பழுதாகும் நாளில்தான். என் பார்வையில் இந்தத் தடங்களின் கதை அங்கேதான் முடிகிறது.

இரண்டு எஞ்சின் விமானம் நடுக்கடலில் ஒன்றை இழந்தாலும் குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் 120 அல்லது 180 நிமிடத்துக்குள், ஒரு நிலையத்தைத் தொடும்படி வழி போட வேண்டும். கேண்டர், ஐஸ்லாந்தின் கெஃப்லவிக், ஷானன், போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜெஸ் எல்லாம் அதற்கான ஊர்கள். இப்படிக் கடல் தாண்டத் தரும் தனி அனுமதியோடு ஓட்டும்போது புறப்படும் முன் தனிச் சோதனை உண்டு: ஒவ்வொரு எஞ்சினும் எவ்வளவு ஆயில் குடித்தது, எவ்வளவு ஊற்றினோம் என்று அளந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதற்குத் தகுதி பெற்ற ஆள் ஊரில் இல்லையென்றால் விமானத்திலேயே கூட்டிவர வேண்டும். வாலில் இருக்கும் துணை எஞ்சின் வேலை செய்யாவிட்டால் தரையிலிருந்து காற்றுத் தள்ளி எஞ்சினைக் கிளப்பும் வண்டி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த விமானத்தின் மிச்ச உணவைச் சாதாரணக் குப்பையில் போட முடியாது. எரிக்கவோ கிருமிநீக்கவோ ஏற்பாடு வேண்டும். பட்டியல் இப்படி நீளும்.

ஒரு ஹைட்ராலிக் பம்ப் கெட்டது என்று வைப்போம். பெரிய மையத்தில் உதிரிபாகம் கிடங்கில் இருக்கும், இல்லாவிட்டால் வேறு விமானம் இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. பாகம் டப்ளினிலிருந்து சாலையில் வர வேண்டும். அதற்குள் விமானிகளின் நேரம் ஓடுகிறது. ஐரோப்பிய விதிப்படி இரண்டு விமானிகளுக்கு மாலை 5 மணிக்கு மேல் பணி தொடங்கினால் உச்சம் 11 மணி நேரம். ஆறு மணி நேரப் பயணம், முன்னால் ஒரு மணி நேரத் தயாரிப்பு. தாமதத்துக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம். அது கடந்தால் பாகம் வந்தும் பயனில்லை, விமானிகள் தூங்கப் போக வேண்டும். மாற்று விமானிகள் வேறு நாட்டில் இருப்பார்கள்.

ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு 600 யூரோ. சாதாரண இயந்திரக் கோளாறை நிறுவனங்கள் சாக்காகச் சொல்ல முடியாது. 189 பேருக்கு 1,13,400 யூரோ. 65 டாலர் டிக்கெட் விற்ற விமானத்துக்கு!

புதிய உதாரணம் கிரீன்லாந்தின் நூக். 930 மீட்டர் ஓடுபாதையோடு இருந்த ஊரில் 2024 நவம்பர் 28-இல் 2,200 மீட்டர் ஓடுபாதை திறந்தது. 2025 ஜூனில் யுனைடெட் நுவார்க்கிலிருந்து நேராக வர ஆரம்பித்தது, நான்கு மணி நேரம், 737 மேக்ஸ் 8. நூக்கில் இறங்க முடியாவிட்டால் அடுத்த பெரிய ஓடுபாதை 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி காங்கர்லுசுவாக்கில். அதற்கும் எண்ணெய் சுமக்க வேண்டும். அதைவிட வேடிக்கை அந்த ஆகஸ்டில் நடந்தது. பயணிகளைச் சோதிக்கும் ஊழியர்களின் பயிற்சி போதாது என்று டென்மார்க் அதிகாரிகள் சர்வதேசப் பயணிகளுக்கான சோதனையை நிறுத்திவைத்தார்கள். ஓடுபாதை புத்தம்புதிது, ஆனால் அங்கே சர்வதேசப் பயணிகளைச் சோதித்து ஏற்ற வழியில்லை.

ஏ321 எக்ஸ்எல்ஆர் வந்த பிறகு தூரம் பெரிய கவலை இல்லை. பின்பக்கம் விமான உடலோடு சேர்த்தே கட்டிய 12,900 லிட்டர் டேங்க், 8,700 கிலோமீட்டர் ரேஞ்ச். 2024 நவம்பரில் ஐபீரியா மாட்ரிட்–பாஸ்டன் தடத்தில் முதலில் விட்டது. இரு முனையும் பெரிய ஊர் என்பதைக் கவனியுங்கள். ஒரு முனையிலாவது உதிரி விமானமும் இணைப்புப் பயணிகளும் உள்ள மையம் இருந்தால் மறுமுனை சின்ன ஊராக இருக்கலாம். யுனைடெட் நுவார்க்கிலிருந்து அசோர்ஸின் போன்டா டெல்காடாவுக்கும் மடெய்ராவின் ஃபுன்ஷாலுக்கும் போவது அப்படித்தான். இரு முனையும் சின்னது என்றால் நான் அந்தத் தடத்தில் பந்தயம் கட்டமாட்டேன்.

இப்படிப்பட்ட விமானத்தில் டிக்கெட் எடுக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வாரத்துக்கு எத்தனை சேவை என்பதை. மூன்றுக்குக் கீழே என்றால் திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போகும் திட்டம் வேண்டாம். இணைப்பு விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுக்காதீர்கள். மேற்கு நோக்கிப் போகும்போது மாத்திரை, கண்ணாடி, ஒரு நாள் உடுப்பு கைப்பையில் இருக்கட்டும். ஷானன் வழி என்றால் அமெரிக்கச் சோதனை அங்கேயே நடக்கும். அதைத் தாண்டியபின் வெளியே வந்து போக முடியாது, முன்கூட்டியே சாப்பிட்டுவிடுங்கள்.

இறங்கும் ஊரின் பெயரையும் நம்பிவிடாதீர்கள். 2019 மார்ச் கடைசியில் டப்ளினிலிருந்து "டொராண்டோ"வுக்கு என்று நார்வேஜியன் விற்ற விமானம் இறங்கியது ஹாமில்டனில். ஸ்கார்பரோவில் இருக்கும் நம் ஆட்களுக்கு அது டொராண்டோ முழுவதையும் தாண்டி, பியர்சன் விமான நிலையத்தையும் தாண்டி, இன்னும் மேற்கே. மாலை நெரிசலில் கூட்டிப்போக வருகிற மச்சான் பியர்சனைக் கடக்கும்போதே என்ன சொல்வான் என்று யோசித்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது.