அஸ்ராக் சதுப்பு: பறவைக் குறிப்புகள்

மார்ச் 16

ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து கிழக்கே சுமார் 100 கி.மீ. வழியெல்லாம் பாலைவனம். அஸ்ராக்கை நெருங்க நெருங்கத் தரை முழுக்கக் கருங்கல். சிரியா பக்கம் பெய்யும் மழை இந்த எரிமலைப் பாறைக்குள் இறங்கி, இங்கே ஊற்றாக வெளிவந்துகொண்டிருந்தது. 1980களில் அம்மானின் குடிநீருக்காக உறிஞ்சத் தொடங்கினார்கள். விவசாயக் கிணறுகள் வேறு. 1992-இல் ஊற்றுகள் வற்றிவிட்டன. இப்போதுள்ள நீர் குழாயில் விடப்படுவது. பழைய சதுப்பில் பத்தில் ஒரு பங்குதான் மீண்டிருக்கிறது.

1967 பிப்ரவரியில் ஒரே நாளில் இங்கே 3,47,000 பறவைகளை எண்ணியிருக்கிறார்கள். 2000-இல் அதே மாதம் 1,200. படிக்கும்போதே மனம் கனத்தது.

ஏப்ரல் 5

காலை முழுக்க மண்சுவர் மறைவிடத்தில். வலசைக் காலம் உச்சத்தில் இருக்கிறது. மஞ்சள் வாலாட்டிகள் எருமைகளின் காலடியிலேயே ஓடித் திரிந்தன. இந்த எருமைகள்தான் இங்கே முக்கியமான வேலையாட்கள் என்பேன். தண்ணீர் விட்டால் மட்டும் போதாது, நாணல் மண்டி நீர்ப்பரப்பையே மூடிவிடும். எருமைகள் மேய்ந்து மிதித்துச் சேற்றைத் திறந்துவிட்ட இடத்தில்தான் கொசு உள்ளான்கள் இரை தேடின. அதற்காக நாணலே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. கதிர்க்குருவி கூடு கட்டுவதும் தாழைக்கோழி குஞ்சுகளை மறைப்பதும் அதற்குள்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 6

காற்று, புழுதி. ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

மே 2

சதுப்பை ஒட்டிய களிமண் வெளியை ‘கா’ என்கிறார்கள். நல்ல மழை பெய்த குளிர்காலத்துக்குப் பிறகு அது பெரிய ஏரியாகிவிடும். வடக்கே போகும் பறவைக்கு ஓரிரு நாள் இரை கிடைத்தால் போதும், பயணம் தொடரும். இனப்பெருக்கம் செய்யும் பறவைக்கு அப்படியில்லை. நெடுங்கால் உள்ளானுக்கு அடைகாக்கவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும்; அப்புறம் குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம். அதுவரை ஓரச்சேறு காயாமல் இருக்க வேண்டும். ‘கா’வில் அதற்கு உத்தரவாதம் இல்லை, வெயில் முந்திக்கொள்ளும். ஊற்று ஓடிய காலத்தில் கோடையிலும் நிற்காத நீர் இருந்தது. குழாய் நீர் சிறிய அளவில் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் அதன் அளவைக் குறைக்கவே கூடாது.