பவித்ராவா, பவானியா?

மார்ச் 4

பதிப்பகத்திலிருந்து வந்த கவருக்குள் இன்னொரு சின்னக் கவர். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், இரண்டு பக்கமும் நுணுக்கி எழுதியிருக்கிறது, ஓரத்தில் ஸ்கேல் வைத்து மார்ஜின் வேறு. "எழுத்தாளர் ஆன்ட்டிக்கு, நான் நாலாம் வகுப்பு. சுடர் கதை நாலு புக்கும் படிச்சிட்டேன். எனக்கு ஏழு டவுட் இருக்கு." அப்புறம் வரிசையாக எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று குறித்திருக்கிறது.

ஏழும் சுடரின் உயிர்த்தோழி பவியைப் பற்றி. கதாநாயகி சுடரைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

பாதி வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். முதல் புத்தகத்தில் பவிக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம், ஆற்றங்கரையில் நின்று அழுகிறாள். மூன்றாவதில் நாய்க்குட்டிக்காகக் குளத்தில் குதிக்கிறாள். "எப்ப நீச்சல் கத்துக்கிட்டா?" முதல் புத்தகத்தில் அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை, நாலாவதில் சைக்கிளோடு ஓர் அண்ணன் வந்து நிற்கிறான். "அவன் இத்தனை நாள் எங்க இருந்தான்?" நியாயமான கேள்விதான்.

ஏழாவது மட்டும் வேறு மாதிரி. "ரெண்டாவது புக்ல பவி ரகசியத்தை டீச்சர்கிட்ட சொல்லிட்டா. சுடருக்குத் திட்டு விழுந்துச்சு. மூணாவது புக்ல ரெண்டு பேரும் ஜாலியா பேசிக்கறாங்க. பவி சாரி கேட்டாளா? எந்தப் பக்கத்துல?"

தாளை மடித்து மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்தேன்.

மார்ச் 5

நாலு புத்தகத்தையும் தரையில் விரித்துப்போட்டு உட்கார்ந்தேன். என் புத்தகத்தை நானே இப்படிப் படித்து வருஷங்கள் ஆயிற்று, அச்சாகி வந்ததும் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அலமாரியில் சொருகுவதோடு சரி.

குழந்தை சொன்னது எல்லாம் அப்படியே இருக்கிறது. கண்ணாடி விஷயம்தான் மகா மோசம். இரண்டாவது புத்தகத்தில் பவியின் கண்ணாடி உடைவதுதான் கதையின் முடிச்சே, அது இல்லாமல் அவளால் கரும்பலகையைப் படிக்க முடியவில்லை என்று அரைப் பக்கம் உருகியிருக்கிறேன். மூன்றாவதில் கண்ணாடி என்ற சொல்லே இல்லை, ஆனால் குளத்துக்கு அக்கரையில் இருக்கும் அறிவிப்புப் பலகையை எழுத்துக்கூட்டாமல் படித்துச் சொல்கிறாள்.

குழந்தை கவனிக்காத எட்டாவது ஒன்றை நானே கண்டுபிடித்தேன். முதல் புத்தகத்தில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் பவித்ரா. நாலாவதில் அதே ஆசிரியை "பவானி" என்று கூப்பிடுகிறார், இவளும் "உள்ளேன் டீச்சர்" என்கிறாள்! நானும் எடிட்டரும் புரூஃப் பார்த்தவரும் என்று ஆறு கண்கள் பார்த்து அனுப்பியது.

துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் வாட்சனை நினைத்துத் தேற்றிக்கொண்டேன். 1887இல் வந்த முதல் கதையில் போரில் குண்டு பட்டது அவர் தோளில். 1890இல் வந்த இரண்டாவதில் அந்தக் காயம் காலுக்கு இறங்கிவிட்டது. பெயர் ஜான், ஆனால் 1891இல் ஒரு கதையில் சொந்த மனைவியே அவரை ஜேம்ஸ் என்று அழைக்கிறார். அவருடைய நடுப்பெயரின் முதல் எழுத்தான 'எச்'சை வைத்து அது ஹாமிஷ் ஆக இருக்கும், ஜேம்ஸின் ஸ்காட்லாந்து வடிவம்தானே அது என்று துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். எனக்கு அப்படி ஒரு வாசகி வாய்த்தால் பவித்ராவையும் பவானியையும் முடிச்சுப்போட்டுத் தருவார். எனக்கு வாய்த்தது நாலாம் வகுப்பு.

அங்கேயும் பாருங்கள், பெயர் மாறியது, காயம் இடம் மாறியது எல்லாம் நண்பருக்குத்தான்.

மார்ச் 7

புது நோட்டு வாங்கி இரண்டு கலர் பேனாவால் கட்டம் போட்டேன். சுடருக்கு நீலம், பவிக்குச் சிவப்பு. இதைத் தொடர் எழுதுகிறவர்கள் முதல் புத்தகத்திலேயே செய்வார்கள், நான் ஐந்தாவது எழுதும்போது செய்கிறேன்.

சுடர் நாலு புத்தகத்திலும் அப்படியே இருக்கிறாள். இடது முழங்காலில் தழும்பு, கோபம் வந்தால் நகம் கடிப்பது, எண்களைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது, எதுவும் பிசகவில்லை. அவள் பக்கம் ஒரு நோட்டும் இல்லாமல் எப்படி முடிந்தது? எப்போதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான்.

சிவப்புக் கட்டத்தைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. முதல் கதையில் சுடரின் தைரியம் தெரிய யாராவது பயப்பட வேண்டியிருந்தது, பவி பயந்தாள். இரண்டாவதில் ரகசியம் வெளியே போகாவிட்டால் கதை இருபதாம் பக்கத்திலேயே முடிந்திருக்கும், பவி போட்டுக்கொடுத்தாள். மூன்றாவதில் சுடரை அறைக்குள் பூட்டிவிட்டேன், குளத்தில் குதிக்க ஆள் இல்லை. நாலாவதில் அவசரத்துக்கு ஒரு சைக்கிள் வேண்டும், ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பெரிய சைக்கிள் ஏது, அண்ணனை வரவழைத்தேன். உயிர்த்தோழி உயிர்த்தோழி என்று நாலு புத்தகமாகச் சொல்லிவிட்டு அவளை ஸ்டெப்னியாக வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

ஞாயிறு. ஐந்தாவது புத்தகத்தைத் தொடவில்லை. வேறு யாராவது இப்படி மாட்டியிருக்கிறார்களா என்று தேடியதில், அமெரிக்கத் துப்பறியும் தொடரின் நாயகி நான்சி ட்ரூ வந்து நின்றாள். சின்ன வயதில் படித்தபோது அவளுக்கு பெஸ், ஜார்ஜ் என்று இரண்டு தோழிகள், அது மட்டும்தான் தெரியும். அவர்களுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள்.

1930இல் முதல் மூன்று புத்தகங்கள் ஒன்றாக வெளிவந்தபோது நான்சியின் தோழி ஹெலன் கார்னிங். அட்டையில் கேரோலின் கீன் என்று இருக்கும், அப்படி ஒருவர் கிடையாது. எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் என்பவர் நடத்திய நிறுவனம் கதைச்சுருக்கம் கொடுக்கும், அதை மில்ட்ரெட் விர்ட் என்ற பெண் முழுப் புத்தகமாக எழுதித் தருவார், ஒரு புத்தகத்துக்கு 125 டாலர், ராயல்டி கிடையாது. முதல் புத்தகங்கள் வந்து இரண்டே வாரத்தில் ஸ்ட்ராட்மேயர் இறந்துபோனார், அப்புறம் அவர் மகள்கள் பார்த்துக்கொண்டார்கள். 1931இல் ஐந்தாவது புத்தகம். பெஸ்ஸும் ஜார்ஜும் உள்ளே வருகிறார்கள், ஹெலன் ஒதுங்கிவிடுகிறாள். சண்டையும் இல்லை, ஊர் மாறிப் போனதாகவும் இல்லை. அதற்குப் பிறகு எப்போதாவது தலைகாட்டுவாள், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை பின்னால் வருகிறது. 1959இலிருந்து பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுத ஆரம்பித்தார்கள். 25 அத்தியாயம் 20 ஆனது, நான்சியின் வயது 16இலிருந்து 18 ஆனது. இரண்டாவது புத்தகத்தின் பழைய பதிப்பில் அந்த மர்ம வீட்டுக்கு நான்சி தனியாகப் போகிறாள், கூடவே அப்பாவின் ரிவால்வர். புதுப் பதிப்பில் ரிவால்வரைக் காணோம், பதிலுக்கு ஹெலன் கூடவே போகிறாள், அது அவளுடைய அத்தை வீட்டு விவகாரமாகவே ஆகிவிட்டது, அவளுக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருக்கிறது. மணமாகிப் போகிறவள் அடுத்தடுத்த கதைகளில் காணாமல் போனால் யார் கேட்கப்போகிறார்கள்? கெட்டிக்காரத்தனம்தான். ஐந்தாவது புத்தகத்தில் போட்ட ஓட்டையை 28 வருஷம் கழித்து இரண்டாவது புத்தகத்துக்குள் புகுந்து அடைத்திருக்கிறார்கள்.

ஆனால் 1931இல் படித்த பிள்ளைக்கு இது எப்படிப் போய்ச் சேரும்? அவளுக்கு ஹெலன் சொல்லாமல் கொள்ளாமல் போனவள், போனவள்தான்.

மார்ச் 12

எடிட்டரிடம் பேசினேன். "அட, இதுக்கா தூக்கம் போச்சு? மறுபதிப்புல திருத்திடலாம்க்கா, பவானிய பவித்ராவாக்கறது ஒரு நிமிஷ வேலை" என்றார். உண்மைதான். அண்ணனைப் பெரியப்பா மகன் ஆக்கிவிடலாம், கண்ணாடியை மூக்கில் திரும்ப மாட்டிவிடலாம் (குளத்தில் குதிக்கும் முன் கழற்றிக் கரையில் வைப்பாள், அந்த ஒரு வரி கதைக்கே நல்லது).

"சாரி கேட்டாளாங்கறதுக்கு என்ன பண்றது?" என்றேன்.

"குழந்தைங்க சண்டைதானே, மறுநாளே மறந்துடுவாங்க."

யார் சொன்னது? எனக்கு ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் வீட்டுப்பாட நோட்டை எடுத்து ஒளித்து வைத்தாள், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. அவள்தான் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு வாரப் பாடத்தையும் தன் கையால் எழுதிக் கொண்டுவந்து தந்தாள். மனிதர்கள் முன்னுக்குப்பின் முரண்தான், பவியும் அப்படித்தான் என்று குழந்தைக்கு எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பதிலாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பித்தலாட்டம். அவள் நோட்டை ஒளித்ததை நான் மறக்கவே இல்லை, அந்த இரண்டு வாரப் பாடத்தை வாங்கும்போதும் அதுதான் மனதில் ஓடியது. சுடருக்கு அப்படி ஒரு நினைப்பை நான் கொடுக்கவே இல்லையே.

மார்ச் 13

பதில் கடிதம், மூன்று வரி. கிழித்தாயிற்று.

மார்ச் 17

ஐந்தாவது புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த இடத்தில் பவி மன்னிப்புக் கேட்கும் காட்சி வரட்டும் என்று உட்கார்ந்தால் அவள் கேட்க மாட்டேன் என்கிறாள். நாலு முறை எழுதினேன், நாலு முறையும் நாடக வசனம். "என்னை மன்னிச்சிடு சுடர்" என்று எந்த ஒன்பது வயசு பேசும்?

சரி, ஏன் டீச்சரிடம் சொன்னாள் என்று முதலில் பார்ப்போம் என்று இரண்டாவது புத்தகத்தை எடுத்தேன். நான் அங்கே காரணமே எழுதவில்லை. "பவியின் வாய் சும்மா இருக்கவில்லை", ஒரே வரி. அதற்கு நாலு பக்கம் முன்னால்தான் கண்ணாடி உடைகிறது. சுடர் அதை எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்கிறாள், நகைச்சுவைக்காகப் போட்ட வரி, "வௌவால்" என்று. வகுப்பே சிரிக்கிறது. பவி என்ன செய்தாள் என்று அங்கே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நான் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 20

நீச்சலும் பிடிபட்டுவிட்டது. முதல் புத்தகத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு கோடை விடுமுறை வருகிறது, அதில் யாரிடமோ கற்றிருக்கிறாள், சுடரிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் இதற்கும் ஒரு பெயர் வைப்பாள் என்ற பயம். ஆக, அவள் குளத்தில் குதித்ததைக் கேள்விப்பட்டுச் சுடர் அன்றைக்குத் திகைத்துப்போயிருக்க வேண்டும், தனக்குத் தெரியாமல் உயிர்த்தோழிக்கு ஒரு கோடையே இருந்திருக்கிறது என்று. நான் நாய்க்குட்டியைத் துடைத்துவிட்டு அத்தியாயத்தை முடித்துவிட்டேன்.

இதை மறுபதிப்பில் ஒட்டப்போவதில்லை. ஐந்தாவது புத்தகம் இதுதான். இரண்டு பேரும் குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள், சுடர் "எப்ப கத்துக்கிட்ட?" என்று கேட்கிறாள், பவி பதில் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை நுனியில் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். மன்னிப்பு யார் கேட்க வேண்டும் என்று எனக்கே இப்போது குழப்பம். பதினோரு பக்கம் வந்திருக்கிறது. அத்தியாயத்துக்கு ஆறு பக்கம் என்பது கணக்கு, எடிட்டர் கத்துவார், கத்தட்டும்.

மார்ச் 23

பதிலைச் சுத்தமாக எழுதி முடித்தேன், நானும் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டேன். எண் வரிசைப்படியே. "கண்ணாடி: என் தப்பு. நீச்சல்: அதற்கு ஒரு கதை இருக்கிறது, அடுத்த புத்தகத்தில் வரும்." நீ விட்ட எட்டாவது தப்பு ஒன்று இருக்கிறது, நாலாவது புத்தகத்தில் தேடிப் பார் என்றும் எழுதினேன், பக்கம் சொல்லவில்லை. ஏழாவதற்கு: "இல்லை. எந்தப் பக்கத்திலும் கேட்கவில்லை. நீ கேட்ட பிறகுதான் நானும் பார்த்தேன். ரெண்டாவது புக்கில் கண்ணாடி உடைகிற இடத்தை இன்னொரு முறை படித்துவிட்டு, யார் சாரி கேட்க வேண்டும் என்று எனக்கு எழுது."

கவரை ஒட்டி, விலாசம் எழுதி, பசை காய்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அண்ணன் இத்தனை நாள் எங்கே இருந்தான் என்பதற்குப் பதில் எழுதவே இல்லை.