27க்கு முதல்

செப்டம்பர் 21

வான் வந்துவிட்டது. லொறியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள், ஓடி வரும் நிலையில் இல்லை. 1974ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கொம்பி, வலப்பக்க ஸ்டியரிங், எஞ்சின் பின்னால். உள்ளே கை கழுவ ஒரு சிங்க், அலுமாரிகள், தூக்கி நிறுத்தும் கூரை, விரித்தால் கட்டிலாகும் இருக்கை. அந்தக் கட்டிலுக்காகத்தான் வாங்கினேன். நம்பர் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து. பெரியப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து அதைத்தான் முதலில் பார்த்தார். 1958இல் பஸ்களில் இந்த எழுத்தை அழித்துவிட்டுத் தமிழில் ஸ்ரீ எழுதிய கதையைத் தொடங்கி இருட்டும்வரை நிறுத்தவில்லை.

அம்மா விறாந்தையை விட்டு இறங்கவில்லை.

செப்டம்பர் 22

தரையில் ஒட்டியிருந்த பாயைக் கிழித்துப் பார்த்தேன். கறள்.

செப்டம்பர் 23

பள்ளிக்கூடம் விட்டு வந்து இருட்டும்வரை ஸ்குரூ டிரைவரால் குத்திக் குத்திப் பார்த்தேன். பற்றரி வைக்கும் தட்டு தட்டினாலே கொட்டுகிறது. முன் கண்ணாடியின் றப்பருக்குக் கீழே வரிசையாகப் பொக்குளம். ஜாக் வைக்கும் இடங்கள் இரண்டு பக்கமும் போய்விட்டன. கடற்கரைப் பக்கம் வருடக்கணக்காக நின்ற வான், உப்புக்காற்று உள்ளிருந்தே தின்றிருக்கிறது. ஆனால் அடிச்சட்டம் நல்லது. முன்னிருந்து பின்வரை குத்திப் பார்த்தேன், எங்கேயும் உள்ளே போகவில்லை. அடிச்சட்டம் நல்லதென்றால் மற்றதெல்லாம் வெட்டி ஒட்டலாம். எனக்கு அது போதும்.

அம்மாவுக்கு இன்றைக்கும் இடுப்பு நோ. தேத்தண்ணீர் கொடுத்தபோது ஒன்றுதான் கேட்டா: "கட்டிலையும் அடுப்பையும் ஏத்திக்கொண்டு ஓடினது காணாதே?"

செப்டம்பர் 26

மெக்கானிக் ஐயா வந்தார். இவர் வருவாரா என்பதுதான் இந்த ஒரு வாரத்துப் பெரிய கவலை, ஏனென்றால் டவுனில் இருக்கிற பொடியன்கள் கம்பியூட்டர் பூட்டிப் பார்க்காமல் எதையும் தொட மாட்டார்கள், இதில் பூட்ட ஒன்றுமே இல்லை. ஐயா யுத்த நேரம் பெற்றோல் தடை இருந்த காலத்தில் ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் முதலில் கொஞ்சம் பெற்றோல் கொடுத்து எழுப்பி, சூடேறிய பிறகு மாற்றுவார்கள். அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்கும் போனோம், கலியாணத்துக்கும் போனோம். ஒரு எஞ்சின் என்ன கேட்கிறது என்பதைக் காதாலேயே சொல்லக்கூடிய ஆள். இப்படியானவர்களிடம் பக்கத்தில் நின்று படிக்க யாரும் வருவதில்லை என்பது எனக்கு மெய்யாகவே கவலை.

பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ரீச்சர், இதுக்குத் தண்ணியும் இல்லை, றேடியேற்றரும் இல்லை. காத்துத்தான் எல்லாம். சுத்திவர இருக்கிற இந்தத் தகரத்திலை ஒண்டு குறைஞ்சாலும் காத்து வேறை வழியாலை போயிடும், எஞ்சின் அவிஞ்சிடும்." தகரம் இரண்டு இல்லை. அளவெடுத்து வெட்டிச் செய்யலாம் என்கிறார்.

27க்கு முதல் முடியுமா என்று கேட்டேன். எந்த மாதத்து 27 என்று அவர் கேட்கவில்லை. நவம்பர் 27, மாவீரர் நாள், இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. "முடிப்பம்" என்றார்.

செப்டம்பர் 29

பெற்றோல் குழாய். நித்திரை வரவில்லை, அதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்தேன். இந்தப் பழைய குழாய்களுக்கு மேலே துணிப் பின்னல் இருக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே றப்பர் வெடித்திருக்கும். கழற்றி வளைத்துப் பார்த்தால் துணிக்கு அடியில் நெருநெருவென்று சத்தம். எஞ்சினுக்கு மேலே காபரேற்றர், அதற்குப் போகிற குழாய் இது, ஒரு சொட்டு கீழே விழுந்தாலும் சூட்டில்தான் விழும். இந்த வான்கள் எரிந்துபோனதில் பெரும்பங்கு இந்தக் குழாயால்தான். இந்த எஞ்சினின் உடம்பு மக்னீசியம் கலந்த உலோகம், அது பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது, ஊற்றினால் இன்னும் மோசமாகும். பின்கட்டிலில் படுத்திருப்பவருக்கு அடியில்தான் எஞ்சின். இதை எழுதும்போதே கை ஓடவில்லை.

5 மில்லிமீற்றர் உள்விட்டக் குழாய், பெற்றோல் தாங்கியிலிருந்து காபரேற்றர் வரை முழுவதும் புதிது. கிளிப் எல்லாம் புதிது. தூள் அடிக்கும் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்று சாரதி இருக்கைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில். இது நடக்காமல் வான் முற்றத்தை விட்டு அசையாது.

அக்டோபர் 1

தம்பி ஜேர்மனியிலிருந்து எடுத்தான். அங்கே இந்தச் சாமான்கள் எல்லாம் புதிதாகவே கிடைக்கிறதாம். கண்ணாடி றப்பர், எண்ணெய் சீல், பிறேக்கின் சில்லுச் சிலிண்டர்கள், எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுவான். "ஏனக்கா, ஒரு நல்ல ஹையேஸ் எடுத்திருக்கலாமே?" என்கிறான். 2020இல் இறக்குமதியை நிறுத்திய பிறகு ஹையேஸ் விலை எங்கே போய் நின்றது என்று அவனுக்கு யார் சொல்வது. அதோடு ஹையேஸில் அம்மா எப்படிப் படுப்பா? இருந்துகொண்டு அரை மணித்தியாலம்கூட வரமாட்டா.

அம்மாவோடு கதைக்கிறாயா என்று கேட்டேன். லைன் வெட்டிவிட்டது.

அக்டோபர் 6

வெல்டிங். பற்றரியைக் கழற்றி, பெற்றோல் தாங்கியையும் இறக்கி வளவின் அந்தக் கரையில் வைத்த பிறகுதான் ஐயா நெருப்பைத் தொட்டார். அழுகிய தகடு எல்லாம் வெட்டி எறிந்தாயிற்று. நல்ல இரும்பு வெளிச்சமாகத் தெரியும்வரை தேய்த்து, பொசுபோரிக் அமிலம் உள்ள கறள் மருந்து பூசி, காயவிட்டு, ரெட் ஒக்சைட். மேலே புட்டி போட்டு மறைக்கலாம் என்று டிங்கர் வேலை செய்யும் தம்பி சொன்னார். வேண்டாம் என்றேன். புட்டிக்குள் ஈரம் போனால் அடுத்த மாரிக்குள் திரும்பத் தின்னத் தொடங்கும்.

அக்டோபர் 7

அம்மா சாப்பிடவில்லை.

அக்டோபர் 12

வால்வு இடைவெளி பார்த்தோம். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது பார்க்க வேண்டும், அதனால் விடிய ஆறு மணிக்கே ஐயா வந்துவிட்டார். 0.15 மில்லிமீற்றர், பீலர் கேஜ் இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். நான் இழுத்தேன், அவர் திருகினார். மூன்றாவது சிலிண்டரின் வெளிவால்வு மட்டும் நல்லாய் இறுகிக் கிடந்தது. பழைய எஞ்சின்களில் எண்ணெய்க் கூலர் மூன்றாவதுக்கு வருகிற காற்றை மறித்துக்கொண்டு நிற்கும், அதனால் அதுதான் முதலில் எரியும். 1971இல் கூலரைத் தள்ளி வைத்தார்கள். இதுவும் தள்ளி வைத்த வகைதான், ஆனாலும் மூன்றாவதை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொன்னார் ஐயா. அந்தச் சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டாத குறை.

எண்ணெய் இரண்டரை லீற்றர்தான் பிடிக்கும். பில்டர் கிடையாது, வலைத்தட்டு ஒன்று மட்டும். அதனால் 5000 கிலோமீற்றருக்கு ஒருதரம் எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும். பழைய எண்ணெயைச் சட்டிக்குள் விரலால் துழாவிப் பார்த்தோம், இரும்புத்தூள் இல்லை. பெரிய நிம்மதி.

அக்டோபர் 19

மழை தொடங்கிவிட்டது. கூரைக் கூடாரத்தின் துணி முழுக்க இற்றுப்போயிருந்தது, தற்காலிகமாக ஒரு நீலத் தறப்பாளை இழுத்துக் கட்டியிருந்தேன். பின்னேரம் அம்மா பொல்லோடு மெல்ல இறங்கி வந்தா. முதல்தரமாக. கதவடியில் நின்று உள்ளே தலையை நீட்டினா. பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டா. பின்னால் ஓடிப்போய்க் கேட்டேன். "தறப்பாள் மணக்குது."

நானும் போய் மணந்து பார்த்தேன். வெயிலில் காய்ந்து மழையில் நனைந்த தறப்பாள். செட்டிகுளம் அகதி முகாம்.

அவிழ்த்து எறிந்துவிட்டேன். மழை உள்ளே ஒழுகட்டும்.

அக்டோபர் 20

டவுனில் தையல் கடைக்காரரிடம் கன்வஸ் துணி கொடுத்தேன். பருத்தி. மெழுகு பூசினால் தண்ணீர் விடாதாம். நிறம் கேட்டார். நீலமும் பச்சையும் தவிர எதுவும் என்றேன்.

அக்டோபர் 27

காஸ் அடுப்பு வைப்பதா விடுவதா என்று ஒரு கிழமையாக மனம் ஆடுகிறது. அம்மாவுக்குச் சுடுதண்ணீர் வேண்டும், ஒத்தடத்துக்கும் குடிக்கவும். காஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதனால் சிலிண்டர் நிற்கும் பெட்டியின் அடியில் வெளியே போகிற ஓட்டை இருக்க வேண்டும். இந்த வானில் இருக்கிறது, ஆனால் யாரோ அதன் மேல் பாய் ஒட்டி அடைத்திருக்கிறார்கள். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்த அந்த நாட்களை நினைத்தால் 2.3 கிலோச் சிலிண்டர்கூட எனக்குப் பயம். சரி, இப்போதைக்கு இல்லை. இரண்டு பிளாஸ்க் போதும்.

நவம்பர் 2

ஸ்டார்ட் ஆகிவிட்டது!!

கொஞ்சம் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. 1-4-3-2 என்ற அந்த ஒழுங்கில் அது அடிக்கிற சத்தம் வேறு எந்த வாகனத்திலும் கேட்காது. பெரியப்பா கை தட்டினார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார், பிறகு டிஸ்ரிபியூட்டரை மயிரளவு திருப்பினார், சத்தம் சமமானது. மணந்து மணந்து பார்த்தேன், பெற்றோல் மணம் எங்கேயும் இல்லை.

நவம்பர் 3

முறிகண்டி. எந்த வாகனம் எடுத்தாலும் முதல் ஓட்டம் அங்கேதான், ஏ-9 ரோட்டில் போகிற யாரும் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போவதில்லை. ஐயா பக்கத்தில் இருந்தார். தேங்காய் உடைத்தோம், கற்பூரம், கச்சான் வாங்கினோம். போகும்போது 50க்கு மேல் விடவில்லை. இறங்கியதும் பின்கதவைத் திறந்து கை வைத்துப் பார்த்தேன், மூன்றாவது சிலிண்டர் பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் பயப்படுகிற சூடு இல்லை. பிறேக் மட்டும் சரியில்லை, இடப்பக்கம் இழுக்கிறது. தம்பி அனுப்பிய சிலிண்டர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

அம்மாவுக்குத் திருநீறும் கச்சானும் கொண்டுவந்தேன். திருநீறு பூசிக்கொண்டா. "இது எந்த ரோட்டாலை போகும்?" என்று கேட்டா. பரந்தன் சந்தியால் திரும்பி ஏ-35 என்றேன். வேறு ரோட்டு இல்லையே, அம்மா. முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு. ஒவ்வொரு ஊராக நான் சொல்லச் சொல்ல அவ கையில் இருந்த கச்சானை உரித்து உரித்துத் தட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தா, ஒன்றையும் சாப்பிடவில்லை. அந்த ரோட்டில் கடைசி யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது ட்ரக்ரர் பெட்டியில் தையல் மெஷினும் கதவும் கூரைத் தகரமும் ஏற்றி, மேலே அம்மா. தருமபுரத்தில் ஒருதரம் இறக்கினோம், விசுவமடுவில் ஒருதரம் இறக்கினோம், பிறகு இறக்க ஒன்றும் இருக்கவில்லை.

நவம்பர் 9

புகைச் சோதனை பாஸ். காபரேற்றரின் காற்றுத் திருகை ஐயா முதல்நாள் சரி பண்ணியிருந்தார். இன்சூரன்சும் ஆயிற்று. லைசன்ஸ் கையில்.

நவம்பர் 12

பிறேக் சாமான் வந்துவிட்டது. தம்பி அதோடு ஒரு சின்னப் பொதியும் வைத்திருந்தான், அம்மாவுக்கு என்று எழுதி. உள்ளே ஒரு மெல்லிய கம்பளி, சந்தன நிறம். அம்மா அதை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறா. போர்க்கவில்லை.

நவம்பர் 15

கன்வஸ் கட்டியாயிற்று, மழையில் நின்று பார்த்தோம், ஒழுகவில்லை. இன்றைக்கு அம்மா ஏறினா. நானும் பக்கத்து வீட்டு மாமியும் பிடித்து ஏற்றினோம். கட்டிலில் இருந்தா, சாய்ந்தா, படுத்தா. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டா: "தலைமாடு எந்தப் பக்கம்?" வான் இப்போது நிற்கிற நிலைக்குக் கிழக்கு என்றேன். "இது திரும்பேக்கை வடக்கை போகுமே?" போகும் அம்மா, ஆனால் திரும்பிவிடும். பரந்தனிலிருந்து கிழக்காலைதான் ஓட்டம். அதை யோசித்துவிட்டு, சரி, பரந்தன் வரை இருந்துகொண்டு வாறன் என்றா.

வாறன் என்றா. எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 20

விடாத மழை. ரேடியோவில் தாழமுக்கம். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் தண்ணீர் ரோட்டுக்கு ஏறும். எஞ்சின் பின்னால் தாழ்வாக இருக்கிறது, டிஸ்ரிபியூட்டரில் தண்ணீர் பட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும், பள்ளத்து வெள்ளத்துக்குள் அம்மாவோடு. மூடியைச் சுற்றிச் சைக்கிள் ரியூப் வெட்டிக் கட்டலாம் என்கிறார் ஐயா. சில்லு பாதி மறையும் தண்ணீர் என்றால் போகக் கூடாது என்கிறார். அதைவிடக் கூட நின்றால்? அவர் பதில் சொல்லவில்லை.

நவம்பர் 21

மழை.

நவம்பர் 22

மழை. பள்ளிக்கூடம் இல்லை. பெரியப்பா ட்ரக்ரர்காரப் பொடியனோடு கதைத்து வைத்திருக்கிறார், வான் நின்றால் இழுக்க. அம்மா ட்ரக்ரர் என்ற சொல்லைக் கேட்டதும் எழும்பி உள்ளே போய்விட்டா. மாமியைக் கதைக்க விட்டேன். தண்ணீர் காய்ச்சும் சத்தத்தில் என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை, வெளியே வரும்போது மாமியின் கண் சிவந்திருந்தது.

நவம்பர் 24

கொஞ்சம் வெளிச்சம். அம்மா காலையிலேயே முழுகிவிட்டு வெள்ளைச் சீலையை எடுத்து மினுக்கித் தரச் சொன்னா. எண்ணெய்ப் போத்தலும் திரியும் தானே சுற்றிப் பையில் வைத்திருக்கிறா, சந்தனக் கம்பளியும் அந்தப் பைக்குள்.

ரியூப் கட்டியாயிற்று. பிறேக் பிடிக்கிறது, ஆனால் பின் இடது சில்லில் இன்னும் ஈரம் தெரிகிறது, அது மழைத் தண்ணியா பிறேக் எண்ணெயா என்று தொட்டு மணந்து பார்த்தும் எனக்குத் தெளிவில்லை, நாளைக்கு ஐயா வந்து சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பிறகு இரண்டு பேரும் முரசுமோட்டை வரை ஓடித் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.