நாலாம் நம்பரில் மட்டும் காற்று

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்து காரை எடுத்தால் ஏ.சி. காற்று வரவில்லை. ப்ளோயர் திருகை 1-இல் வைத்தேன், 2, 3... மூச்சே இல்லை. 4-க்குத் திருப்பியதும் ஹோவென்று அடித்தது. காற்று என்னவோ சில்லென்றுதான் இருந்தது. ஆனால் வெயிலில் நின்ற வண்டியைக் குளிரவைக்க முதல் ஐந்து நிமிடம் வைக்கிற வேகம் அது. அதிலேயே ஒன்றரை மணி நேரம் உட்கார முடியுமா? பெருங்களத்தூர் வரை அம்மா முந்தானையைக் காதைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வந்தாள். அப்புறம், "அந்தச் சனியனை அணைச்சிட்டு ஜன்னலைத் திறடா" என்றாள். திறந்தோம். மீதி வழி முழுக்க ஜி.எஸ்.டி. ரோட்டு அனலும் லாரிப் புகையும்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

ஆபீஸ் போகும் வழியில் ஒரு ஏ.சி. கடையில் காட்டினேன். பையன் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "கேஸ் கம்மியாயிருக்கும் சார். ஃபில் பண்ணிடலாம், 1,800 ஆகும்."

கேஸ் குறைந்தால் காற்று வரும், குளிர் வராது. இங்கே குளிர் இருக்கிறது, காற்றுதான் மூன்று நம்பரில் வரவில்லை. அதைச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு லிங்க் சார்" என்றான். எந்த லிங்க் என்று கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

ராத்திரி உட்கார்ந்து யோசித்ததில் ஓரளவு பிடிபட்டது. 4-இல் ஓடுகிறது என்றால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. நாலாம் நம்பரில் பேட்டரியின் முழுக் கரண்டும் மோட்டாருக்கு நேராகப் போகிறது. 1, 2, 3-இல் நடுவே ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்து, கரண்டைக் குறைத்துத்தான் விடுகிறது. என் சந்தேகம் அதன் மேல்தான்.

ரெசிஸ்டர் என்றால் உள்ளே சில கம்பிச் சுருள்கள், கூடவே எல்லாவற்றுக்கும் பொதுவாக, சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் ஒரு தெர்மல் ஃபியூஸ். ஒரு சுருள் மட்டும் அறுந்தால் ஒன்றிரண்டு வேகம் போகும். மூன்றும் ஒரே நாளில் போனால் பெரும்பாலும் தெர்மல் ஃபியூஸ்தான். நாளை மே தினம், லீவு. பார்த்துவிடலாம்.

மே 1, வியாழன்

கிளவ் பாக்ஸை இரண்டு பக்கமும் உள்நோக்கி அழுத்தினால் கழன்று தொங்குகிறது. நான்தான் அதற்குக் கீழே தலைகீழாகத் தொங்க வேண்டியிருந்தது. முதுகு சீட்டில், தலை மிதியடியில், வாயில் டார்ச். பக்கத்து வீட்டுத் தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்றார்.

ரெசிஸ்டர் இரண்டு ஸ்குரூவில் நிற்கிறது. அதில் ஒயர்களை மாட்டுகிற கப்ளரைப் பிடுங்கியதும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: ஒரு பின்னைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக உருகியிருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு அப்படியே விட்டேன். பின்னால் வருத்தப்பட்டது இதற்குத்தான்.

மல்டிமீட்டரை வைத்தேன். சுருள்கள் எல்லாம் ரீடிங் காட்டின. தெர்மல் ஃபியூஸ் காட்டவில்லை, போயே போய்விட்டது. கணக்கு சரியாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

மே 2, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சாம்பிளைக் கவுண்டரில் வைத்ததும் கடைக்காரர், "ஒரிஜினல் 620, லோக்கல் 260" என்றார். நாலு கம்பிச் சுருளுக்கு எதற்கு 620 என்று லோக்கலையே வாங்கினேன். பக்கத்தில் நின்ற ஒருவர் இலவசமாக ஒரு யோசனை சொன்னார்: "எதுக்குங்க வாங்குறீங்க, அந்த ஃபியூஸை ஒரு ஒயரால ஷார்ட் பண்ணிடுங்க, ஓடும்." ஓடும்தான். முதல் நம்பரில் சுமார் 4 ஆம்பியர் போகிறது, ரெசிஸ்டர் 3 ஓம் என்று வைத்துக்கொண்டால் 48 வாட் சூடு. வீட்டில் இருக்கிற 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டை டேஷ்போர்டுக்குள் செருகி வைத்த மாதிரி. அந்தச் சூடு மிஞ்சினால் அறுத்துவிடத்தான் அந்த ஃபியூஸே இருக்கிறது.

இரவு மாட்டினேன். 1, 2, 3, 4 எல்லாம் ஓடின. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, கையைக் கழுவிட்டு வா" என்றாள்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். ஏ.சி. ஓடுகிறது. வேறொன்றும் எழுத இல்லை.

மே 9, வெள்ளி

கோயம்பேடு சிக்னலில் கருகிய வாசனை. திரும்பவும் 1, 2, 3 அவுட். புது ரெசிஸ்டர் ஒரு வாரம்தான் தாங்கியது. முதலில் லோக்கல் சாமானைத் திட்டினேன். வீடு வந்து கழற்றிப் பார்த்தால் கப்ளரில் அந்தப் பழுப்பு இப்போது கருப்பாகியிருக்கிறது. பழைய ரெசிஸ்டர் ஒரிஜினல்தானே? அதுவும் இதே மாதிரிதானே செத்தது? ரெசிஸ்டரை எது சாகடிக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

மே 10, சனி

பெரம்பூரில் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அண்ணன் பேசுவது குறைவு. கதையைச் சொன்னேன். மீட்டரைத் தொடாமல் ப்ளோயரை 4-இல் போட்டுவிட்டு கிளவ் பாக்ஸ் பக்கம் காதை வைத்தார். "கேக்குதா?" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அணைக்கச் சொன்னார். இப்போது கேட்டது. நல்ல ப்ளோயர் சுற்றிச் சுற்றி மெதுவாகத்தான் நிற்குமாம். என்னுடையது க்ரீச்சென்று ஒரு சத்தத்தோடு உடனே நின்றது.

கிளாம்ப் மீட்டரை ஒயரைச் சுற்றி மாட்டினார். நாலாம் நம்பரில் 23 ஆம்பியர். "இந்தச் சைஸ் மோட்டாருக்கு 15-க்குள்ள இருக்கணும் சார்." அப்படியானால் மெயின் ஃபியூஸ் ஏன் போகவில்லை? அது 30 ஆம்பியர். 23-ஐ அது கண்டுகொள்ளாது. எல்லாச் சூட்டையும் ரெசிஸ்டரும் கப்ளரும்தான் வாங்கியிருக்கின்றன.

மூன்று ஸ்குரூவைக் கழற்றி மோட்டாரை இறக்கினார். அதில் மாட்டிய அணில் கூண்டு மாதிரியான சக்கரம் வேப்பங்காம்பால் நிறைந்திருந்தது. காம்பு, சருகு, பொடிப்பொடியாகக் காய்ந்த பூ. கையை உள்ளே விட்டு கூலிங் காயில் பக்கமிருந்து இன்னும் இரண்டு கைப்பிடி எடுத்துப் போட்டார். பேப்பரில் குவித்து வைத்தால் கால் படி தேறும்.

எங்கள் தெருவில் நிழல் என்றால் அந்த ஒரு வேப்பமரம்தான், ஏழு வருடமாக வண்டி அதன் கீழ்தான் நிற்கிறது. வைப்பருக்குக் கீழே இருக்கிற சல்லடை வழியாக வெளிக்காற்று ப்ளோயருக்குப் போகிறது. காற்றுத் திருகை நான் வெளிக்காற்றிலேயே விட்டு வைப்பேன், வண்டி அணைந்தாலும் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கும். என்னுடையது கீழ் மாடல், ஃபில்டருக்கு இடம் விட்டு ஒரு மூடியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூடிக்குப் பின்னால் ஃபில்டர் கிடையாது. வாங்கிய நாளிலிருந்து இது எனக்குத் தெரியாது.

அண்ணன் சொன்னதில் இரண்டு தனித்தனி விஷயம். ரெசிஸ்டரைக் காற்றோட்டத்தின் நடுவில் வைப்பதே அது குளிரத்தான். குப்பை அடைத்தால் அதற்குக் காற்று கிடைக்காது. இன்னொன்று, தூசி போய் மோட்டாரின் புஷ், அதாவது தண்டு சுழல்கிற வளையம், வறண்டு இறுகியிருக்கிறது, அதனால் கூடுதலாகக் கரண்டை இழுக்கிறது. "எண்ணெய் விடலாமா?" என்றேன். "ஒரு மாசம் ஓடும். பிரஷும் தேஞ்சிருக்கு சார்." சுழலும் பாகத்துக்குக் கரண்டை ஏற்றுகிற கரித்துண்டுதான் பிரஷ்.

வீட்டுக்கு வந்து குப்பையைக் காட்டினேன். அம்மா பூவை மட்டும் விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். "ரசத்துக்கு ஆகும்போல இருக்கே" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மே 12, திங்கள்

முதலில் புதுப்பேட்டை. பழைய மோட்டார் 600. பேட்டரியில் தொட்டுக் காட்டினார்கள், ஜம்மென்று சுற்றியது. ஆனால் அதன் பிரஷ் எவ்வளவு மிச்சம் என்று யார் சொல்வது? லோக்கல் ரெசிஸ்டரில் ஏற்கெனவே ஒரு பாடம். நடந்தே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய்ப் புது மோட்டார் 1,850, ஒரிஜினல் ரெசிஸ்டர் 620, ஒயரோடு கப்ளர் 80, ஃபில்டர் 240. ரெசிஸ்டரை எடுத்துக் கொடுத்தவர் அதே கடைக்காரர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மே 13, செவ்வாய்

மாலை அண்ணன் கடை. கருகிய கப்ளரை வெட்டி, புது ஒயரை ஒன்றொன்றாகச் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டார். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அந்த இடமே மறுபடி சூடாகும் என்றார். மூடியைக் கத்தியால் அறுத்து ஃபில்டரைச் செருகினார். கிளாம்ப் மீட்டரில் 14. அணைத்ததும் மோட்டார் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் நொடி எண்ணினேன், ஒன்பது.

கூலி 700. முதல் ரெசிஸ்டரையும் சேர்த்தால் மொத்தம் 3,750.

மே 18, ஞாயிறு

செங்கல்பட்டு மறுவீட்டு விருந்து. போகும்போது இரண்டாம் நம்பர். தாம்பரம் தாண்டியதும் அம்மா, "குளிருது, ஒண்ணுல வை" என்றாள். வைத்தேன். சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

திரும்பி வந்து வண்டியை அதே மரத்தடியில்தான் விட்டேன், வேறு நிழல் ஏது? உள்காற்றுக்குத் திருகை மாற்றிவிட்டு, சந்தேகத்துக்கு ஃபில்டரை உருவிப் பார்த்தேன். ஐந்து நாளில் நாலு காம்பு.